மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்து இறக்குமதி: ஒரே மூட்டைக்கு இரண்டு சட்டங்கள், இரண்டு கேள்விகள்

புதுடெல்லி: தக்காளி சாஸ் பாட்டிலையோ உடனடி சூப் பொட்டலத்தையோ திருப்பிப் பார்த்தால், உள்ளடக்கப் பட்டியலின் கடைசிப் பகுதியில் 1422 அல்லது 1442 போன்ற ஓர் எண் பல வேளைகளில் தென்படும். சாஸ் நீர்த்துப் போகாமலும், சூப் கட்டி தட்டாமலும் காக்கும் மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்தைக் குறிக்கும் எண் அது. சாஸ், மயோனைஸ், நூடுல்ஸ், தயிர் இனிப்புகள், உறைநிலை உணவுகள் எனப் பலவற்றிலும் இடம்பெறும் இந்த வெண்ணிறப் பொடியில் ஒரு பகுதி உள்நாட்டிலேயே தயாராகிறது. மற்றொரு பகுதி தாய்லாந்து, வியட்நாம், ஐரோப்பிய நாடுகள் முதலிய இடங்களிலிருந்து கப்பலில் வருகிறது.

அவ்வாறு வரும் ஒவ்வொரு சரக்கும் இந்தியத் துறைமுகத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். ‘இது என்ன பொருள், இதற்கு எவ்வளவு வரி?’ என்பது சுங்கத் துறையின் கேள்வி. ‘இது உண்ணத் தகுந்ததா?’ என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் கேள்வி. ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்லுக்கு இவ்விரு சட்டங்களும் ஒரே பொருளைக் கொள்வதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். அதைக் கவனிக்கத் தவறினால், சரக்கு துறைமுகத்தில் தேங்கும். தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். மூலப்பொருளை எதிர்நோக்கியிருக்கும் சிறு தொழிற்கூடத்தின் உற்பத்தியும் நின்றுவிடும்.

எச்சரிக்கையாக அமைந்த தைவான் நிகழ்வு

இந்தப் பொடியைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது என்பதை 2013-ஆம் ஆண்டு மே மாதம் தைவானில் வெளியான முறைகேடு உலகுக்கு உணர்த்தியது. உணவில் பயன்படுத்த அனுமதிக்கப்படாத மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைக் கொண்டு மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்து, பபிள் டீயில் சேர்க்கப்படும் மரவள்ளி உருண்டைகள், அரிசி நூடுல்ஸ் உள்ளிட்ட உணவுகளில் கலந்திருப்பது கண்டறியப்பட்டது. பெருமளவில் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தைவானிலிருந்து வந்த சில பொருள்களைச் சிங்கப்பூர் அரசும் விற்பனையிலிருந்து விலக்கியது.

தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மாவுச்சத்தும் உணவுத் தர மாவுச்சத்தும் நிறத்திலோ மணத்திலோ வேறுபடுவதில்லை. இரண்டும் 25 கிலோ காகிதப் பைகளிலேயே வரக்கூடும். அவற்றைப் பிரித்தறிய உதவுபவை ஆவணமும் ஆய்வகமும் மட்டுமே. இந்திய இறக்குமதி விதிகளின் கண்டிப்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றம் எதற்காக?

மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு, கோதுமை ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இயல்பான மாவுச்சத்துக்குச் சில குறைகள் உண்டு. புளிப்பு மிகுந்த கலவையில் அது விரைவில் நீர்த்துவிடும். நீண்ட நேரம் கொதித்தாலோ இயந்திரத்தில் வேகமாகக் கலக்கப்பட்டாலோ அதன் கெட்டித்தன்மை குலையும். உறைய வைத்து மீண்டும் உருக்கினால் நீர் தனியே பிரியும். இக்குறைகளைக் களையவே அமிலம், காரம், நொதி, வெப்பம் அல்லது அனுமதிக்கப்பட்ட வேதிப்பொருள்களைக் கொண்டு மாவுச்சத்து பதப்படுத்தப்படுகிறது.

ஒவ்வொரு முறைக்கும் கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர அமைப்பு தனித்தனி எண் வழங்கியுள்ளது. இதுவே ஐஎன்எஸ் எண். வறுத்த மாவுச்சத்தும் டெக்ஸ்ட்ரினும் 1400, அமிலத்தால் பதப்படுத்தப்பட்டது 1401, ஆக்சிஜனேற்றம் செய்யப்பட்டது 1404, நொதியால் பதப்படுத்தப்பட்டது 1405, அசிட்டைல் டைஸ்டார்ச் அடிப்பேட் 1422, ஹைட்ராக்சிபுரொப்பைல் டைஸ்டார்ச் பாஸ்பேட் 1442, ஸ்டார்ச் சோடியம் ஆக்டினைல் சக்சினேட் 1450 என இந்த வரிசை நீள்கிறது.

உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் ஜெக்ஃபா என்ற சர்வதேச நிபுணர் குழு, இந்த வகை மாவுச்சத்துகளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் உட்கொள்ளலாம் என எண்ணளவில் வரம்பு விதிக்கத் தேவையில்லை என்று கருதுகிறது. ஆனால், அவற்றின் தூய்மைக்குத் தெளிவான வரம்புகளை அது வகுத்துள்ளது. அவற்றுள் சில:

– அசிட்டைல் தொகுதிகள் 2.5 சதவீதத்துக்கு மிகக் கூடாது.
– ஹைட்ராக்சிபுரொப்பைல் தொகுதிகள் 7 சதவீதத்துக்கு மிகக் கூடாது.
– ஹைட்ராக்சிபுரொப்பைல் வகைகளில் எச்சமாகத் தங்கும் புரொப்பிலீன் குளோரோஹைட்ரின் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.
– ஆக்டினைல் சக்சினேட் வகையில் அத்தொகுதிகள் 3 சதவீதத்துக்கு மிகக் கூடாது.
– கந்தக டை ஆக்சைடு, தானிய மாவுச்சத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கும், பிற மாவுச்சத்துகளில் 10 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது.

உற்பத்தியாளர் தரும் பகுப்பாய்வுச் சான்றில் ஈரப்பதம், பாகுத்தன்மை ஆகியவற்றோடு இந்த வரம்புகளும் இடம்பெற்றிருக்கின்றனவா என்பதை இறக்குமதியாளர் முதலில் பார்க்க வேண்டும். ஈரப்பதத்தையும் நிறத்தையும் மட்டும் குறிப்பிடும் சான்று, தொழிற்சாலைத் தரச் சரக்குக்கும் பொருந்திவிடும்.

சுங்கத் துறையின் பார்வை

சுங்க வரி அட்டவணையில் இயல்பான மாவுச்சத்து 1108 என்ற தலைப்பின் கீழ் வருகிறது. கோதுமை மாவுச்சத்து 1108 11, மக்காச்சோள மாவுச்சத்து 1108 12, உருளைக்கிழங்கு மாவுச்சத்து 1108 13, மரவள்ளி மாவுச்சத்து 1108 14. டெக்ஸ்ட்ரின்களும் மாற்றியமைக்கப்பட்ட பிற மாவுச்சத்துகளும் 3505 10 என்ற உட்தலைப்பில் அடங்குகின்றன.

எல்லைக் கோடுகள் மூன்று இடங்களில் குழப்பம் தருகின்றன.

முதலாவது, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தப்பட்ட மாவுச்சத்து. இதில் வேதிப்பொருள் ஏதும் சேர்க்கப்படுவதில்லை. குளிர்ந்த நீரிலேயே கெட்டிப்படும் தன்மையை மட்டுமே அது பெறுகிறது. சுங்க வகைப்பாட்டில் இதுவும் ‘மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்து’தான், 3505-இல்தான் அடங்கும். உணவுச் சேர்க்கைப் பட்டியலிலோ, வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தப்பட்ட இதற்கெனத் தனி ஐஎன்எஸ் எண் கிடையாது. ஆகவே, சுங்க ஆவணத்தில் ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்றும், உணவு ஆவணத்தில் ‘சாதாரண மாவுச்சத்து’ என்றும் ஒரே சரக்கு இருவேறு பெயர்களில் தோன்றுகிறது. இரண்டும் தத்தம் சட்டப்படி சரியே என்றாலும், விளக்கக் கடிதம் இல்லாவிட்டால் அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பு.

இரண்டாவது, டெக்ஸ்ட்ரினுக்கும் சர்க்கரைப் பொருள்களுக்கும் இடையிலான எல்லை. உலர் எடையில் டெக்ஸ்ட்ரோஸாகக் கணக்கிடும்போது, ஒடுக்கும் சர்க்கரையின் அளவு 10 சதவீதத்தைத் தாண்டாத மாவுச்சத்துச் சிதைவுப் பொருள்களையே 35-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு டெக்ஸ்ட்ரின் என ஏற்கிறது. அந்த அளவைத் தாண்டினால் 1702 என்ற சர்க்கரைத் தலைப்புக்குப் பொருள் மாறிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் வாங்குவோர் இந்த 10 சதவீதக் கோட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பகுப்பாய்வுச் சான்றிலுள்ள டெக்ஸ்ட்ரோஸ் சமான எண், அதாவது டிஇ மதிப்பு, இதற்கான முதல் அடையாளம்.

மூன்றாவது, நெசவாலையில் பாவுக்குக் கஞ்சி ஏற்றவும், காகிதத்துக்கு மெருகூட்டவும் தயாரிக்கப்பட்ட கலவைகள். மாவுச்சத்தை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய தயாரிப்புகளுக்கு 3809 என்ற வேறொரு தலைப்பு உள்ளது.

வகைப்பாட்டில் தெளிவில்லாதபோது, சரக்கு வருவதற்கு முன்னரே டெல்லியிலும் மும்பையிலும் இயங்கும் சுங்க முன்தீர்வு ஆணையங்களை அணுகித் தீர்ப்புப் பெறலாம். ஒரே பொருளைத் தொடர்ந்து இறக்குமதி செய்வோருக்கு இது பயனுள்ள வழி.

பொறுப்பு இறக்குமதியாளருடையதே

1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி வரியை முதலில் தாமே மதிப்பிட வேண்டியவர் இறக்குமதியாளர். பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதி அறிவிப்பைச் சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள், விடுமுறை நாள்களைக் கணக்கில் கொண்டு, ஐஸ்கேட் இணையதளம் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பல் ரசீது, பகுப்பாய்வுச் சான்று, தொழில்நுட்ப விவரக் குறிப்பு முதலியவற்றை இ-சஞ்சித் வசதி மூலம் பதிவேற்றலாம்.

சுங்கத் தரகர் நிரப்பிய படிவத்தில் பிழை நேர்ந்தாலும், அறிவிப்பின் உண்மைக்கு இறக்குமதியாளரே பொறுப்பேற்க வேண்டும். குறைவாகச் செலுத்தப்பட்ட வரியைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் துறை கோரலாம். உண்மையை மறைத்தல், பொய்யான தகவல் தருதல் போன்ற நிலைகளில் இந்தக் காலவரம்பு ஐந்து ஆண்டுகளாக நீள்கிறது. அறிவிப்புக்கு மாறான சரக்கைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஐயம் எழும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் சுங்கத் துறைக்கு உள்ளது. மாவுச்சத்துத் துகளின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அது உருளைக்கிழங்கிலிருந்து வந்ததா, மக்காச்சோளத்திலிருந்து வந்ததா என்று கூற இயலும். அயோடின் கரைசலில் சாதாரண மாவுச்சத்து நீல நிறம் காட்டும். டெக்ஸ்ட்ரின் வகைகள் பல செம்பழுப்பு நிறம் காட்டும். எனவே, தாள்களில் மட்டும் பெயரை மாற்றி எழுதிவிட்டுத் தப்பிவிட முடியாது.

சலுகை வரி வேண்டுமெனில் பிறப்பிடச் சான்று

தாய்லாந்து, வியட்நாம் சரக்குகளுக்கு ஆசியான்–இந்தியா தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ்ச் சலுகை கோர வழியுண்டு. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில் இந்தியா விலக்குப் பட்டியல் ஒன்றையும் வைத்துள்ளது. ஆகவே, குறிப்பிட்ட எட்டிலக்க எண்ணுக்குச் சலுகை பொருந்துமா என்பதை நடப்பு அறிவிக்கையில் சரிபார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

முழுவதும் அந்நாட்டிலேயே விளைந்து பெறப்படாத பொருளுக்கு, பொதுவாக இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: உட்தலைப்பு அளவில் வகைப்பாடு மாறியிருக்க வேண்டும், குறைந்தது 35 சதவீத மதிப்பு ஆசியான் வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆசியானுக்கு வெளியிலிருந்து வாங்கிய மக்காச்சோள மாவுச்சத்தை ஆசியான் நாடொன்றில் மாற்றியமைத்தால், 1108-லிருந்து 3505-க்கு வகைப்பாடு மாறிவிடுகிறது. முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. ஆனால், 35 சதவீத மதிப்பு சேர்ந்திருக்கிறதா என்பது தனிக் கணக்கு. முதல் நிபந்தனையைக் கண்டு இரண்டாவதை மறப்பதே பிணக்குகளுக்கு வழிவகுக்கிறது.

2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கரோட்டார் விதிகள், பிறப்பிடச் சான்று கையில் இருந்தால் மட்டும் போதாது என்கின்றன. பொருள் எந்த மூலப்பொருளிலிருந்து, எந்தச் செய்முறையில் உருவானது என்ற விவரங்களை முதலாம் படிவத்தின்படி இறக்குமதியாளர் திரட்டி, குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாள்களுக்குள் அவற்றை அளிக்க வேண்டும். ‘ஏற்றுமதியாளர் தரவில்லை’ என்ற விடை சலுகையைக் காப்பாற்றாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பார்வை

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற, தரம் குறைந்த, தவறான அடையாளமிடப்பட்ட உணவை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதிக்கிறது. நடைமுறைகளை 2017-ஆம் ஆண்டு இறக்குமதி ஒழுங்குமுறைகள் விவரிக்கின்றன.

இறக்குமதியாளர் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடமிருந்து இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அதோடு, ஃபாஸ்காஸ் இணையதளம் வழியாக இறக்குமதிக்கான மத்திய உரிமமும் வேண்டும். பால் பொருள்கள், இறைச்சி, மீன், முட்டைப் பொடி, குழந்தை உணவு, ஊட்டச்சத்து உணவு ஆகியவற்றுக்கு 2023 பிப்ரவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட வெளிநாட்டு ஆலைப் பதிவுப் பட்டியலில் மாவுச்சத்து சேர்க்கப்படவில்லை.

சரக்கு வந்ததும் நடைபெறும் பணிகள் நான்கு: ஆவண ஆய்வு, கண்பார்வை ஆய்வு, மாதிரி எடுத்தல், ஆய்வகப் பரிசோதனை. இடர் மதிப்பீட்டின்படி தேர்வாகும் சரக்குகளுக்கே எல்லாக் கட்டங்களும் பொருந்தும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, கொச்சி, தூத்துக்குடி ஆகிய இடங்களில் ஆணையத்தின் அலுவலர்களே இப்பணியைச் செய்துவருகின்றனர். ஆணையத்துக்கு அலுவலர் இல்லாத பல நுழைவிடங்களில் இப்பொறுப்பு சுங்க அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

கண்பார்வை ஆய்வில் மூட்டையின் நிலை, லேபிள், எஞ்சிய ஆயுட்காலம் ஆகியவை பார்க்கப்படும். அனுமதியின்போது மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இவற்றுள் எது குறைவோ அந்த அளவாவது எஞ்சியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஆயுள் குறிக்கப்பட்ட மாவுச்சத்துக்கு 60 சதவீதம் என்பது 14 மாதங்களுக்கும் மேல். மூன்று மாதமே குறைவு என்பதால் அதுவே பொருந்தும். ஆயினும், பழைய இருப்பைத் தள்ளுபடி விலையில் வாங்குவோர் கப்பல் பயண நாள்களையும் துறைமுகத்தில் தங்கும் நாள்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் தேறாத சரக்கிலிருந்து மாதிரியே எடுக்கப்பட மாட்டாது. தேறினால் இரண்டு மாதிரிகள் எடுக்கப்படும். ஒன்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குச் செல்லும். மற்றொன்று பாதுகாத்து வைக்கப்படும். ஆய்வகம் ஐந்து நாள்களில் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. முடிவு பாதகமாக இருந்தால், உரிய கட்டணம் செலுத்தி இரண்டாவது மாதிரியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். அங்கும் தேறாவிட்டால், சரக்கைத் திருப்பி அனுப்புவதோ அழிப்பதோதான் எஞ்சும் வழி.

எந்த உணவில், எந்த அளவில்?

மாவுச்சத்து அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதாலேயே எல்லா உணவிலும் சேர்க்கலாம் என்றாகிவிடாது. 2011-ஆம் ஆண்டு உணவுப் பொருள் தரநிலைகள் மற்றும் உணவுச் சேர்க்கைகள் ஒழுங்குமுறைகள், உணவு வகை வாரியாக எந்தச் சேர்க்கை, எந்த அளவில் என்பதை அட்டவணையாகத் தருகின்றன. பல உணவுகளில் ‘நல்ல உற்பத்தி முறைக்குத் தேவையான அளவு’ என்ற நெறி பொருந்துகிறது. குழந்தை உணவு போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பாலில் எந்த மாவுச்சத்தைச் சேர்த்தாலும் அது கலப்படமே.

ஐரோப்பிய ஆவணங்களைப் பார்ப்போருக்கு மற்றொரு குழப்பம் காத்திருக்கிறது. அமிலம், காரம், நொதி ஆகியவற்றால் பதப்படுத்தப்பட்ட மாவுச்சத்தையும், வெளுக்கப்பட்ட மாவுச்சத்தையும், டெக்ஸ்ட்ரினையும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உணவுச் சேர்க்கையாகக் கருதுவதில்லை; சாதாரண உணவு மூலப்பொருளாகவே கருதுகிறது. அதனால் அங்கிருந்து வரும் தாள்களில் எண் எதுவும் இராது. கோடெக்ஸ் பட்டியலிலோ அவற்றுக்கு 1400 முதல் 1405 வரையிலான எண்கள் உள்ளன. எந்த எண்ணுக்குரிய பொருள் இது என்று உற்பத்தியாளரிடமிருந்து எழுத்துப்பூர்வ உறுதியைப் பெற்று வைத்திருப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

லேபிளில் கவனிக்க வேண்டியவை

2020-ஆம் ஆண்டு லேபிள் மற்றும் காட்சி ஒழுங்குமுறைகள், சில்லறை விற்பனைக்கு அல்லாத பெரிய பொதிகளுக்குத் தனி விதிகளை வகுத்துள்ளன. பொருளின் பெயர், நிகர எடை, தொகுதி எண், தேதி விவரம், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண் ஆகியவை பொதியின் மேல் இருக்க வேண்டும். மற்ற விவரங்கள் உடன்வரும் ஆவணங்களில் இடம்பெறலாம். மூட்டை மீதுள்ள தொகுதி எண்ணும் பகுப்பாய்வுச் சான்றிலுள்ள தொகுதி எண்ணும் ஒன்றாக இருத்தல் இன்றியமையாதது.

கோதுமையிலிருந்து பெறப்பட்ட மாவுச்சத்தானால், பசையம் உள்ள தானியம் என்ற ஒவ்வாமை அறிவிப்புத் தேவை. சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள ஒருவர் சாஸ் பாட்டிலின் லேபிளை நம்பி உண்கிறார். அந்த லேபிளுக்கான தகவலின் முதல் கண்ணி இந்த இறக்குமதி மூட்டையே.

எல்லாப் பிழைகளும் திருத்தக்கூடியவை அல்ல. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் உரிம எண்ணும், சைவ–அசைவக் குறி போன்ற சிலவற்றைச் சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கிலேயே, பிரிக்க முடியாத ஒட்டியால் திருத்த அனுமதி உண்டு. உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் ஆகியவை விடுபட்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. தவறான அடையாளமிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

மரபணு மாற்றம் குறித்த அறிவிப்பு

மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, கோதுமை, அரிசி உள்ளிட்ட 24 பயிர்களின் இறக்குமதிச் சரக்குகளுக்கு, மரபணு மாற்றமற்றவை என்ற சான்று 2021 மார்ச் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தற்செயலான கலப்புக்கு 1 சதவீதம் வரை மட்டுமே இடமுண்டு. மரவள்ளி இப்பட்டியலில் இல்லை. இந்த ஆணை பயிர்ச் சரக்குகளைக் குறித்தது என்றாலும், மரபணு மாற்றப் பொருள் அடங்கிய எந்தச் சரக்கும் அந்த அறிவிப்போடுதான் வர வேண்டும் என்று வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை கூறுகிறது. அறிவிக்காமல் வந்து பின்னர் கண்டறியப்பட்டால், 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின்படி நடவடிக்கை பாயும். எனவே, மக்காச்சோள மாவுச்சத்து வாங்குவோர் மூலப் பயிரின் தன்மை பற்றிய உற்பத்தியாளரின் உறுதிமொழியைக் கோப்பில் வைத்திருப்பது நலம்.

‘உணவுக்கு அல்ல’ என்ற அறிவிப்பு

நெசவு, காகிதம், அட்டைப்பெட்டிப் பசை ஆகிய தொழில்களுக்கான மாவுச்சத்தும் பெரும்பாலும் அதே 3505 தலைப்பில்தான் வருகிறது. அவற்றுக்கு உணவு ஆணையத்தின் தடையின்மைச் சான்று தேவையில்லை என்பதால், பயன்பாட்டைச் சரியாக அறிவிப்பது முக்கியமாகிறது. நாள்களை மிச்சப்படுத்தும் நோக்கில் உணவுக்கான சரக்கைத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு என அறிவிப்பதும், தொழிற்சாலைக்கென வந்ததை உணவு தயாரிப்போருக்கு விற்பதும் சுங்கச் சட்டம், உணவுச் சட்டம் ஆகிய இரண்டையும் மீறும் செயல்கள். தைவானில் நிகழ்ந்தது போன்ற விபரீதம் உருவாவதும் இத்தகைய இடைவெளியில்தான்.

உள்நாட்டு விவசாயிக்கும் தொடர்பு உண்டு

வகைப்பாட்டுத் தவறு அரசின் வருவாயை மட்டும் பாதிப்பதில்லை. தமிழகத்தின் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் விவசாயிகளும், சேலத்தைச் சுற்றியுள்ள ஜவ்வரிசி, மாவுச்சத்து ஆலைகளும் இறக்குமதியின் தாக்கத்தை நேரடியாக உணர்பவர்கள். இவ்வாலைகளுக்காக 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது; சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளிநாட்டு மரவள்ளி மாவுச்சத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது இப்பகுதியினரின் நெடுநாள் கோரிக்கை. சாதாரண மாவுச்சத்து, மாற்றியமைக்கப்பட்டது என்ற பெயரில் வேறொரு வரி விகிதத்தில் நுழைந்தால், அதன் பாதிப்பு கிழங்கின் கொள்முதல் விலையில் வந்து விடியும்.

ஆர்டர் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

– பொருளின் முழுப் பெயர், ஐஎன்எஸ் எண், மூலப்பயிர் ஆகியவற்றை உற்பத்தியாளரிடமிருந்து எழுத்தில் பெறுதல்.
– செய்முறையை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு: வேதிமுறையா, வெப்பமுறையா, நொதிமுறையா?
– தூய்மை வரம்புகளைக் காட்டும் பகுப்பாய்வுச் சான்று. அதில் தொகுதி எண்.
– எந்த உணவில் சேர்க்கப்படும், அதற்கு அனுமதி உண்டா என்ற சரிபார்ப்பு.
– எட்டிலக்க வகைப்பாட்டு எண்ணும், அன்றைய தேதியில் அதற்குரிய வரி விகிதமும்.
– சலுகை கோரினால், பிறப்பிடச் சான்றும் முதலாம் படிவத்துக்கான விவரங்களும்.
– மூட்டையில் அச்சாகும் லேபிளின் மாதிரிப் படம், சரக்கு கப்பலேறும் முன்பே.

விலைப்பட்டியல், பகுப்பாய்வுச் சான்று, லேபிள், பில் ஆஃப் என்ட்ரி ஆகிய நான்கிலும் பொருளின் பெயர் ஒன்றுபோல் இருந்தால், துறைமுகத்தில் எழும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு முன்கூட்டியே விடை கிடைத்துவிடும். சுங்க வகைப்பாடும் உணவு வகைப்பாடும் வேறுபடும் இடத்தில், அந்த வேறுபாட்டுக்கான காரணத்தை ஒரு கடிதமாகக் கோப்பில் இணைத்தல் வேண்டும். வரி விகிதங்களும் ஒழுங்குமுறைகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒவ்வொரு சரக்குக்கும் முன்பாக மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம், எஃப்எஸ்எஸ்ஏஐ ஆகியவற்றின் நடப்பு அறிவிக்கைகளைப் பார்ப்பது அவசியம்.